கடல்கோளும் முன்னெச்சரிக்கைக் குறிப்பும்

மணிமேகலைக் காப்பியத்தில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தி வருகின்றது. பீலிவளை ஈன்ற மகவை ஏற்றி வந்த கலம் கடலிற் கவிழ்ந்தது. மைந்தனைக் காணாது தேடித் திரிந்த சோழன் கிள்ளி இந்திர விழாவை மறந்தான். ஊரைக் கடல் கொண்டது. மாணவனாக இருந்த காலத்தில் தேர்வுக்குரிய செய்தியாகவே இதனை நானும் படித்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு எனத் தொடங்கிப் பரங்கிப்பேட்டை, கிள்ளைக் கரை வரை அலை ஏறிற்று. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அப்பகுதி வெறும் பாடமாக இல்லை.

2009ஆம் ஆண்டு, ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், மகவைத் தேடும் மன்னனைப் பற்றிச் சற்று உருக்கமாகவே விளக்கிக்கொண்டிருந்தேன். (இளம் ஆசிரியர்க்கு இயல்பான குறை அது.) கடற்கரையூர் மாணவி ஒருத்தி நூலை மூடிவிட்டு வெளியே சென்றாள். அலையில் தம்பியைப் பறிகொடுத்தவள் என்பது பிறகே தெரிந்தது. முன்கூட்டியே ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டுமோ என்ற வினா அன்று தொட்டு என்னோடிருக்கின்றது.

மேலைநாடுகளில் இதனை 'டிரிகர் வார்னிங்' என்பர். பழைய துயரத்தைக் கிளறக்கூடிய பகுதி வருகின்றது என முன்னரே அறிவிக்கும் குறிப்பு அது. 2016இல் சிகாகோ பல்கலைக்கழகம் புதிய மாணவர்க்கு விடுத்த மடலில் இத்தகைய குறிப்புகளை ஆதரிப்பதில்லை என எழுதிற்று. பெரும் வாதம் மூண்டது. நம் நாட்டிலோ 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையவழிப் படங்களுக்கு வயது வரம்போடு உள்ளடக்கக் குறிப்பையும் வேண்டின.

குறிப்பால் நன்மை உண்டா? பிரிட்ஜ்லாந்து, ஜோன்ஸ், பெல்லட் என்னும் ஆய்வாளர் மூவர் 12 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 2023இல் முடிவை வெளியிட்டனர். குறிப்பைக் கண்டவர்க்குத் துயரம் குறையவில்லை. படிக்குமுன் எழும் பதற்றமே கூடிற்று. பாடத்தை விட்டு விலகும் போக்கும் மிகவில்லை. எனினும், ஆய்வுக்காகச் சில மணித்துளிகள் படிக்கும் பத்தியும், தம்பியை இழந்தவள் பருவம் முழுதும் படிக்கும் பாடமும் ஒன்றாகா. ஆதலின் இம்முடிவைக் கொண்டு நம் வகுப்பறைக் கடமை தீர்ந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது.

புறநானூற்றில் 'கையறுநிலை' என்னும் துறைக்குறிப்புப் பாட்டின் கீழே நிற்கின்றது, தலையில் நிற்பதில்லை. முதலில் துயரம், பின்னரே அதன் பெயர். நம் மகளிர் ஒப்பாரி வைக்கும்போதும் துயரை ஒளித்து வைப்பதில்லை, கூடியிருந்தே அழுவர். அவ்வாழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தனர். அன்று உதவியது அருகிருத்தலே. துயரூட்டுவதை ஓயாது விலக்கி வருவது அச்சத்தை நீட்டிக்கும் என்றே உளமருத்துவரும் கூறுவர்.

ஆகவே அச்சிட்ட எச்சரிக்கையை நான் வேண்டேன். ஆசிரியன் தன் மாணாக்கரை அறிந்திருக்க வேண்டும். முதல் நாளே, "நாளை கடல்கோள் பகுதி" என இயல்பாகச் சொல்லிவைத்தால் போதும். வகுப்பு முடிந்தபின் சற்று நேரம் அங்கேயே இருத்தல் அதனினும் முதன்மையானது. உறக்கமின்றி வாடுவோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் நாணலாகாது. சிதம்பரத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தொலைவன்று. ஆனால் டிசம்பர்தோறும் தொலைக்காட்சியில் அவ்வலைக் காட்சியைத் திடுமெனக் காட்டுவது வேறு. வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் தாய்க்கு அங்கே ஒரு சொல் முன்னறிவிப்பு வேண்டும். மருந்தாக அன்று, மரியாதையாக.

இன்று என்முன் அமர்வோர் பலரும் 2004க்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் அவர்தம் இல்லங்களில் பிறவாத அண்ணன்களின் பெயர்கள் இல்லை. இருந்து மறைந்த அண்ணன்களின் பெயர்களே உள்ளன.

எழுந்து சென்ற அம்மாணவி இரண்டு நாள் கழித்துத் துறைக்கு வந்தாள். "சார், அந்த ராஜாவோட பிள்ளை கிடைத்ததா?" என்றாள். காப்பியம் அதனைச் சொல்லவில்லை என்றேன். தொண்டைக்கொடி அடையாளத்தோடு திரை தர வந்த மகனைப் பற்றி நச்சினார்க்கினியர் உரையில் ஒரு கதை உண்டு, அவனே இவன் என்பாரும் உளர், உறுதியில்லை என்றும் சொன்னேன். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனாள்.