வெயில் இருக்கிறது, தொட்டி எங்கே?

கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலுக்கா பஞ்சம்? பெரியாறு அணைத் தண்ணீர் 1895-லிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. அந்தத் தண்ணீரில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான்! ஆனால் மருந்தடித்த ஸ்பிரேயரைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் மருந்துகளில் ஒன்று மேன்கோசெப். அது சிதைந்தால் எத்திலீன் தயோயூரியா என்ற பொருள் உண்டாகிறது. தண்ணீரில் எளிதாகக் கரையும், தைராய்டு ஹார்மோனைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் மேன்கோசெப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததற்கு ஹார்மோன் பாதிப்பும் ஒரு காரணம். அதே ஆண்டு இந்தியாவும் தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளில் அதைச் சேர்த்தது. 2023-ல் பட்டியல் சுருங்கியபோது மேன்கோசெப் தப்பித்துக்கொண்டது!

"கொஞ்சம்தானே?" என்பார்கள். ஹார்மோன் விஷயத்தில் கொஞ்சம் என்பதே பெரிது. கனடாவில் 2001 முதல் 2003 வரை ஒரு சோதனை ஏரியில் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைக் கலந்தார்கள். லிட்டருக்கு வெறும் 5, 6 நானோகிராம். ஆண் மீன்கள் பெண்தன்மை அடைந்து, ஒரு சிறு மீன் இனம் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அழிந்தே போனது.

இதற்கெல்லாம் ஒளிவினையூக்கிதான் மருந்து என்று கிளம்பியிருக்கிறது ஒரு கூட்டம். டைட்டானியம் டை ஆக்சைடு மீது ஒளி பட்டால் ஹைட்ராக்சில் என்னும் மூர்க்கமான துகள் பிறந்து, எதிர்ப்படும் கரிமப் பொருளைக் கடித்துக் குதறும். அறிவியல் உண்மைதான். ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-லேயே இந்தப் பொருளை வைத்து ஒளியால் நீரைப் பிளந்து காட்டினார்கள். அதற்காக முல்லையாற்றில் பொடியைத் தூவிவிட முடியுமா? அதற்குத் தேவையான புற ஊதாக்கதிர் வெயிலில் சுமார் 5 சதவீதம்தான். கலங்கிய நீருக்குள் அதுவும் இறங்காது. பிறந்த துகள்களை இலைதழைச் சாறே தின்று தீர்த்துவிடும். பொடியைத் திரும்ப அள்ளுவது யார்?

ஆற்றில் கலந்தபின் துரத்துவது மடமை; கலக்கும் முன் மடக்குவதே புத்தி. ஸ்பெயினின் அல்மேரியாவும் வெயில் காயும் விவசாயப் பூமிதான். அங்கே பூச்சிமருந்துப் பாட்டில்களைக் கழுவிய நீரை, இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து வெயிலில் காட்டிச் சுத்திகரிக்கும் ஆலையை 2000-களிலேயே வைத்தார்கள். அளவு குறைவு, செறிவு அதிகம்... வினையூக்கிக்கு ஏற்ற இடம் அதுதான்.

சுருளிப்பட்டி போன்ற திராட்சை ஊர்களில் ஊருக்கு ஒரு பொதுக் கழுவுதொட்டி கட்டினால் என்ன? "சிறு விவசாயிக்கு ஏது காசு?" என்ற கேள்வி நியாயம்தான். அதனால்தான் செலவு மருந்து விற்கும் கம்பெனிகள் தலையிலும் அரசின் தலையிலும் விழ வேண்டும். மழையில் கொடியிலிருந்து வடிவதைத் தொட்டி பிடிக்காது. அதற்கு மருந்தைக் குறைப்பது ஒன்றே வழி.

அதற்கும் முன்னால் அளக்க வேண்டும். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தர அளவு (2012) பெயர் சொல்லி வரம்பு வைக்கும் பூச்சிமருந்துகளில் மேன்கோசெப் இல்லை. லோயர் கேம்ப்பில் ஒரு பாட்டில், வைகை அணையில் ஒரு பாட்டில் எடுத்துச் சோதியுங்கள். நடுவில் என்ன கலந்தது என்று தண்ணீரே சொல்லும். மதுரையும் குடிக்கிற தண்ணீர் அது!