வானூர்தி அடிப்படை ஆய்வுக்கான கோரிக்கைச் சாசனம்

வானூர்திப் பொறியாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், வரி செலுத்தும் குடிமக்கள் ஆகிய நாங்கள் இந்திய அரசின்முன் வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒலியின் இரு மடங்கு வேகத்துக்காக வடிவமைக்கப்பட்ட இந்தியாவின் மாருத் போர்விமானம் 1961-ல் பறந்தது. ஏற்ற இஞ்சின் கடைசிவரை கிடைக்காததால், அந்த வேகத்தை எட்டாமலேயே ஓய்வுபெற்றது. 2001-ல் பறந்த தேஜஸ் போர்விமானத்துக்கும் இஞ்சின் அமெரிக்காவிலிருந்தே வந்தது. இஞ்சினுக்கும் விமானத்துக்கும் தேவையான அடிப்படை ஆய்வு வேண்டாமென்று எந்த அரசும் சொன்னதில்லை. பிறகு ஏன் இத்தனை தாமதம்?

1. அடிப்படை ஆய்வுக்குப் பத்தாண்டுக்கான தனி நிதி வேண்டும். ஒரு விமானத் திட்டம் முடிந்ததும் அதன் ஆய்வுக்குழுவும் கலைந்துவிடுகிறது. மாருத்துக்குப் பிறகு அப்படித்தான் ஆனது. தேஜஸ் பணியை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குத் தனித் தலைப்பு இடம்பெற வேண்டும்.

2. ஒலிவேகத்தை ஒட்டிய பறப்பை ஆராய, இடைவிடாது இயங்கும் பெரிய காற்றுச் சுரங்கம் வேண்டும். பயணிகள் ஜெட் விமானங்கள் பறப்பது இந்த வேகத்தில்தான். பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் சுரங்கம் 1967 முதல் உழைக்கிறது. தேக்கிவைத்த காற்றைத் திறந்துவிட்டு இயங்குவதால், ஒவ்வொரு சோதனையும் விநாடிக் கணக்கில் முடிந்துவிடும். புதியதைக் கட்டி முடிக்கவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால், வடிவமைப்புப் பணி இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

3. இஞ்சினைச் சுமந்து பறக்கும் சோதனை விமானமும், உயர்வெளிச் சூழலைத் தரையிலேயே உருவாக்கும் சோதனைக்கூடமும் வேண்டும். தேஜஸுக்காக 1989-ல் அனுமதி பெற்ற காவேரி இஞ்சினை 2010-ல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோய்த்தான் பறக்கவிட்டுச் சோதிக்க முடிந்தது. ஆம்கா போர்விமானத்துக்கான புது இஞ்சின் உருவாகும் முன்பே இவ்விரண்டும் தயாராக வேண்டும்.

4. ஹெலிகாப்டர் சுழலிகளின் அதிர்வையும் உலோக அயர்ச்சியையும் ஆராயத் தனி மையம் வேண்டும். 2025 ஜனவரியில் போர்பந்தரில் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து கடலோரக் காவல்படையினர் மூவர் உயிரிழந்தனர். அதன்பின் துருவ் ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. பாகம் முறியும் முன்பே அதன் ஆயுளைக் கணிப்பதுதான் அடிப்படை ஆய்வின் வேலை. இதில் தாமதத்தின் விலை மனித உயிர்.

5. ஒலியின் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்துக்கான ஆய்வைப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்க வேண்டும். அந்த வேகத்துக்கான ஸ்கிராம்ஜெட் இஞ்சினை 2016-ல் இஸ்ரோவும் 2020-ல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பும் பறக்கவிட்டுச் சோதித்தன. 2025 ஏப்ரலில் ஐதராபாத்தில் அதன் எரியறை தரையில் 1,000 விநாடிகளுக்கு மேல் இயங்கியது. இந்தப் பணியைத் தொடர ஆள் வேண்டுமானால், ஆய்வு மாணவர் சேர்க்கை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.

6. இரகசியமல்லாத சோதனைத் தரவுகளை ஓராண்டுக்குள் பொதுவில் வெளியிட வேண்டும். 1930-களில் அமெரிக்கா வெளியிட்ட இறக்கை வடிவத் தரவுகளை உலகெங்கும் மாணவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மக்கள் பணத்தில் விளைந்த அறிவு குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவருக்கும் கிடைக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. ஓர் ஆணை போதும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பாளர் யார், தொகை எவ்வளவு, முடிக்கும் நாள் எது என்பதை அரசு நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் அறிவிக்க வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் அவையில் கணக்குக் காட்ட வேண்டும்.