மங்கல் வேறு, அழிப்பு வேறு

முகத்தைத் துலக்கிப் பின்புலத்தைக் கரைத்துவிட்டால் அது கலையாகிவிடும் என்ற மூடநம்பிக்கை இன்று கைப்பேசிதோறும் குடியேறிவிட்டது. இதை நாம் மறுக்கிறோம்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்நிலங்களையும் அங்குள்ளோர் வாழ்வையும் 1886இல் 40 பிளாட்டினப் படங்கள் கொண்ட நூலாக ஓவியர் குடாலுடன் இணைந்து வெளியிட்டவர் பி. எச். எமர்சன். கண் எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் காண்பதில்லை. எனவே லென்ஸும் முதன்மையானதில் மட்டும் குவியட்டும் என்பது அவர் கட்சி. ஆயினும் பொருளின் உருவமைப்பே சிதையுமளவுக்கு மங்கலாக்கலாகாது என்று தமது 1889ஆம் ஆண்டு நூலில் எச்சரித்தார். ஆகவேதான் அவருடைய அல்லி பறிக்கும் படகுக்காரர்களுக்குப் பின்னே நாணல் மென்மையுற்றும் நாணலாகவே நிற்கிறது. அவர்கள் எந்த நீரின் மக்கள் என்பதும் விளங்குகிறது.

இடத்தைத் துடைத்தெறியும் மங்கலோ மனிதரையும் ஊரற்றவராக்குகிறது. அதற்குக் கலையென்று பெயரிட நாம் ஒருப்படோம்.