இயந்திரம் அவர்களுடையது; நிரல் நம்முடையது

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டினுடையது. பராமரிப்போ கேரள அரசினுடையது. 1956-ல் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. இன்றைய மேகக் கணிமையும் ஏறத்தாழ இத்தகையதே. நிரல் எழுதுவோர் நாம். அது ஓடும் இயந்திரத்தைப் பேணுவோர் பிறர். பழுது, பாதுகாப்பு ஆகிய கவலைகள் நமக்குக் குறைவு. ஆனால், மொழியின் எந்தப் பதிப்பு அங்கே ஓடலாம் என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள்!

இதன் விளைவு என்ன? 2008-ல் கூகுள் நிறுவனம் ‘ஆப் எஞ்சின்’ சேவையைத் தொடங்கியபோது அதில் பைத்தான் மொழி மட்டுமே ஓடிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே பைத்தான் 3 வெளிவந்தது. ஆயினும் அச்சேவையின் ‘ஸ்டாண்டர்டு’ பிரிவில் அது நுழைந்தது 2018-ல்தான். காரணம் உண்டு. பழைய அமைப்பில் பாதுகாப்பின் பொருட்டு மொழியையே மாற்றியமைத்து ஓட்டினார்கள். புதிய அமைப்பில் அந்தத் தேவை நீங்கிற்று. ஆனால் 2020 ஜனவரி 1 அன்று பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றுவிட்டது. பத்தாண்டு காத்திருந்தவர்களுக்கு மாறிக்கொள்ளக் கிடைத்த அவகாசம் மிகச் சொற்பம்.

மாற்றம் எளிதன்று. பைத்தான் 2-ல் ஏழை இரண்டால் வகுத்தால் 3 என்று வரும். பைத்தான் 3-ல் 3.5 என்று வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. விடை மட்டும் மாறிவிடும். மதிப்பெண் பட்டியலிலோ கூலிக் கணக்கிலோ இது நேர்ந்தால் பாதிக்கப்படுவது யார்?

“நிறுவனத்தார் பார்த்துக்கொள்வார்கள்” என்பர் சிலர். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார்கள், நம் கணக்கை யார் பார்ப்பது? இப்போது ஆண்டுதோறும் அக்டோபரில் பைத்தானின் புதிய பதிப்பு வருகிறது. 2020-ல் வந்த 3.9-க்கு 2025-ல் ஆதரவு முடிந்தது. ஐந்தாண்டே ஆயுள்! பட்டப்படிப்பின் முதலாண்டில் எழுதிய நிரல், நாம் வேலையில் காலூன்றும் முன்பே பழையதாகிவிடும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இரண்டு. செய்முறை ஏட்டில் ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் மொழியின் பதிப்பு எண்ணை எழுதச் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு பழைய நிரலையேனும் புதிய பதிப்புக்கு மாற்றி, இரண்டின் விடைகளையும் ஒப்பிடும் பயிற்சி தாருங்கள். இதற்குப் பணம் வேண்டாம். ஒரு பிற்பகல் போதும்.

மாணவ நண்பர்களே! மொழியைக் கற்பது பாதி. அது மாறும்போது உடன் மாறக் கற்பதே மீதி.

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவர்