ஆலோசக ஆசிரியர் கூப்பிட்டால் ஏன் போகமாட்டேன் என்கிறோம்?

அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களைத்தான் கேட்கிறேன். பிள்ளை முடி வெட்டவில்லை என்று பள்ளியில் கூப்பிட்டால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடுகிறோம். அங்கேயே நாலு அடியும் வைக்கிறோம். "யாரோடும் பேசாமல் ஒதுங்கியே இருக்கிறான், ஒரு தடவை வந்து பாருங்கள்" என்று ஆலோசக ஆசிரியர் கூப்பிட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "என் பிள்ளைய தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பாக்குறாங்களா?"

1911-இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனையைத்தான் சொல்கிறோம். அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி, தலைமுறை தலைமுறையாக வாயில் வைத்திருக்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, 'ராத்திரியில் தூக்கமே வரலம்மா, நெஞ்சு படபடங்குது' என்று நம்மிடம் எப்படி வந்து சொல்லும்?

2022-இல் சுகாதார அமைச்சு நாடு முழுதும் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. நாலு பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு. ஏறக்குறையப் பத்துப் பேரில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொல்லியிருக்கிறார். இது கோலாலம்பூர்ப் பிள்ளைகளின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் தோட்டப் பிள்ளை ஆறு வருஷம் சின்னத் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறது. அங்கே எல்லா ஆசிரியருக்கும் அதன் பெயர் தெரியும், வீடு தெரியும். பிறகு ஒரே நாளில் பெரிய இடைநிலைப்பள்ளி, பாடமெல்லாம் மலாயில். மலாய் போதவில்லை என்றால் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு. மலாய்ப் பள்ளியிலிருந்து வந்த சம வயதுப் பிள்ளைகள் படிவம் ஒன்றில் உட்கார்ந்திருக்க, இது மட்டும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகிறது.

அந்த ஒரு வருஷத்தில் நாம் என்ன சொன்னோம்? நானே சொன்னேன். சொந்தக்காரர் கல்யாணத்தில், பத்துப் பேர் நடுவில், "ஒரு வருஷம் வீணாப் போச்சு" என்றேன். என் மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு வெகுநாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன்.

"நாங்க படாத கஷ்டமா?" என்பீர்கள். பட்டோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லயத்தில் அப்பா அடித்தால் பக்கத்து வீட்டு அத்தை வந்து தூக்கிக்கொண்டு போவாள், பாட்டி மடி இருந்தது. இன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கதவடைத்த ஓர் அறையும் கைப்பேசியும்தான் இருக்கின்றன. பள்ளி விடுமுறை வந்தால் நம் கேமரன் மலையில் கியா பார்ம் பக்கம் கார் நகர இடமில்லை. ஸ்ட்ராபெரியும் சோளமும் விற்று ராத்திரி பத்து மணிக்கு வீடு வருகிறோம். அந்த வருமானம் வேண்டும், எனக்கும் தெரியும். வந்தவுடன் "புத்தகத்தைத் தொட்டியா?" என்று கேட்காமலாவது இருக்கலாமே. சாப்பிட்டாயா, இன்றைக்கு யாரோடு பேசினாய் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அதன் பக்கத்தில் உட்காருங்கள்.

முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுகிறீர்களா, கட்டுங்கள். மறுநாள் தானா ராத்தா அரசு மருத்துவமனைக்கும் கூட்டிப்போங்கள். உயிரை மாய்க்க முயன்ற பிள்ளையைக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸாகிவிடும் என்று முன்பு பயந்தோம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள். 'செத்துடலாம்னு தோணுதா?' என்று பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். காய்கறித் தோட்ட மருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் அன்றைக்கே பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். 15555 சுகாதார அமைச்சின் மனநல உதவி எண். பிப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பின் எண் 03-76272929, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

ஆலோசக ஆசிரியர் கொடுத்தனுப்பிய கடிதம் இப்போதும் யார் வீட்டிலாவது மடித்தபடி கிடக்கும். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். பிள்ளையைத் திட்டிக்கொண்டே போகாதீர்கள்.