கழியும் கந்தலும்

பலகையின்மீது பாய்மரம் நட்டு, நின்றவாறே அலைகளின்மேல் செல்லும் 'விண்ட்சர்ஃபிங்' என்னும் விளையாட்டை அறிவீர்கள். 2024ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் அப்பலகைகள் நீருக்குமேல் எழும்பிப் பறக்கவே செய்தன!

1970களின் பலகையோ பறக்கும் இனமன்று. நீளம் 12 அடி. இருவர் சுமந்தால் இடுப்புக்கு நலம். கைப்பிடிக் கழிகள் தேக்கு மரத்தாலானவை. விழுந்தெழும் ஒவ்வொரு முறையும், நீரில் ஊறிய பாயைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்த வேண்டும். புதிதாகப் பழகுவோர் கடந்த கடலைவிடக் குடித்த கடலே மிகுதி! ஆயினும் அதில் பழகியோர்க்கு அதன்மீது தணியாத பாசம்.

இப்பலகைக்கு அமெரிக்கரான ஹாயில் ஸ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968இல் காப்புரிமை கோரினர். பின்னர் இங்கிலாந்தில் அதுபற்றி வழக்கு எழுந்தது. அங்கே ஹேலிங் தீவில், 1958லேயே, பீட்டர் சில்வர்ஸ் என்னும் 12 வயதுச் சிறுவன் தானே செய்த பலகையில் பாய் விரித்துச் சென்றிருந்தான். காப்புரிமை பெற்றவை வளைந்த கழிகள். சிறுவனுடையவை நேரான கழிகள். ஆனால் காற்று வீசினால் நேர்க்கழியும் வளையுமன்றோ! மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனத்தின் உரிமை, ஒரு பாலகனின் விளையாட்டுப் பொருள்முன் நிற்கவில்லை.

பெற்றோரே, கழியும் கந்தலும் கொண்டு உங்கள் பிள்ளை முற்றத்தில் எதையோ கட்டிக்கொண்டிருந்தால், குப்பையென்று எறியுமுன் சற்றே பொறுத்தருளுங்கள்.