காரணமும் உடன்நிகழ்வும்: இழைமணிமீது சுமத்தப்படும் பழி

நீரிழிவு, உடற்பருமன், தசைத் தளர்ச்சி ஆகிய யாவற்றுக்கும் மூலகாரணம் இழைமணியின் பழுதே என்னும் கருத்து இன்று விஞ்ஞானத்தின் முடிந்த முடிபுபோலப் பரப்பப்படுகின்றது. இழைமணிக்கு வலுவூட்டுவன எனக் கூறி விற்கப்படும் குளிகைகளுக்கும் அதுவே விளம்பரமாகின்றது. உடன்நிகழ்வது ஒன்றைக் காரணமெனத் துணியும் தர்க்கப் பிழை இக்கருத்தின் அடியில் உளது.

உணவுப் பொருள்களை ஒட்சியேற்றி, கலத்துக்கு வேண்டிய சத்தியை ஏ.ரி.பி. வடிவில் ஆக்குவது இழைமணி. அது பழுதுற்றால் தசை நோயுறும் என்பது மறுக்கற்பாலதன்று. 1962 இல் சுவீடன் நாட்டு மருத்துவர் றொல்ஃப் லுஃப்ற்றும் குழுவினரும் இத்தகைய பழுதை ஒரு பெண்ணிடத்தே முதன்முதல் விளக்கினர். தைரொயிட்டுச் சுரப்பி இயல்பாயிருந்தும் அவரது அனுசேப வீதம் மிக உயர்ந்திருந்தது. 1988 இல், தசைநோயாளர் சிலரின் இழைமணி டீ.என்.ஏ. தன் பகுதிகளை இழந்திருந்தமை வெளியாயிற்று. அந்த டீ.என்.ஏ.யின் 3243ஆம் இடத்தில் நேரும் மாற்றம் தாய்வழி நீரிழிவோடும் செவிட்டுத்தன்மையோடும் தொடர்புடையதாதல் 1992 இல் காட்டப்பட்டது. இவை மெய்யான இழைமணி நோய்கள். ஆயின், நீரிழிவாளருள் இவ்வகையினர் மிகச் சிறுபான்மையோரே.

ஏனையோர் நிலை யாது? 2004 இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர், இரண்டாம் வகை நீரிழிவாளரின் பிள்ளைகளுள் இன்சுலின் எதிர்ப்புடையோரின் தசையில் இழைமணிச் செயற்பாடு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருக்கக் கண்டனர். பழி சுமத்துவோரின் பேராதாரம் இதுவே. ஆனால் குறைவு முந்தியதா, எதிர்ப்பு முந்தியதா என்பதை அவ்வளவீடு கூறாது. மேலும், 2008 இல் நாயர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு அவ்வாதத்தின் அடித்தளத்தையே அசைக்கின்றது. அமெரிக்காவில் வாழும் இந்தியர், வட ஐரோப்பிய வழியினரினும் கூடிய இன்சுலின் எதிர்ப்பு உடையோராயிருந்தனர். அவர்தம் தசை இழைமணிகளோ ஏ.ரி.பி. ஆக்கும் ஆற்றலில் விஞ்சியே நின்றன. இழைமணி குன்றாமலே எதிர்ப்புத் தோன்றுமாயின், இழைமணிக் குறைவு எவ்வாறு யாவர்க்கும் பொதுவான மூலகாரணமாகும்?

1967 இல் ஜோன் ஹொலோசி, ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளின் தசையில் இழைமணி நொதியங்களின் செயற்பாடு ஏறத்தாழ இருமடங்காதலைக் காட்டினார். உழைக்கும் தசையில் இழைமணி பெருகும். ஓய்ந்த தசையில் குன்றும். எனவே, நோயாளரிடம் காணப்படும் குறைவின் ஒரு பகுதியேனும் உழைப்பின்மையின் விளைவாதல் கூடும். குன்றிய இழைமணி பின்னர் நோயை வளர்க்கலாம் என்பதும் ஏற்கத்தக்கதே. எனினும், வளர்ப்பது வேறு, தோற்றுவிப்பது வேறு.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. நடையாலும் உழைப்பாலும் தசையைத் தேற்றக்கூடிய ஒருவர், தம் கலத்திலேயே குறையுண்டென நம்பிக் குளிகைக்குப் பணம் இறைக்கின்றார். மறுபுறம், தாயிடமிருந்து நீரிழிவும் செவிப்புலக் குறைவும் ஒருங்கே பெற்றவர், பத்தோடு பதினொன்றாகக் கணிக்கப்பட்டு மறைந்துபோகின்றார். எல்லா நீரிழிவையும் இழைமணி நோயென அழைத்தால், மெய்யாகவே அந்நோயுற்றவரை அழைப்பதற்குத் தனிப்பெயர் ஒன்று எஞ்சாது.